படகைச் சுமந்த வழிகள்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் கனூ, கயாக் ஆகிய துடுப்புப் படகுகளில் போகிறவர்களுக்கு மூன்று வகைத் தண்ணீர் உண்டு. வடக்கு மினசோட்டாவில் பாறைக் குழிகளில் நிற்கும் ஏரிகள் ஒரு வகை. விஸ்கான்சின், மிசூரி மாநிலங்களில் மணலிலும் சுண்ணாம்புப் பாறையிலும் ஓடும் ஆறுகள் இன்னொரு வகை. கடலைப் போல் அலையடிக்கும் சுப்பீரியர் ஏரி மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே படகு ஒத்துவராது. ஏரிக்காட்டில் படகைத் தோளில் தூக்கி நடக்க முடிய வேண்டும். ஆற்றில் அது முழங்கால் ஆழத் தண்ணீரிலும் தரை தட்டாமல் போக வேண்டும். பெரிய ஏரியில் அலை உள்ளே ஏறாதபடி மேல்பக்கம் மூடியிருக்க வேண்டும். போய்வந்தவர்கள் பல வருடம் கழித்துப் பேசும்போது காட்சிகளின் அழகு பின்னால்தான் வருகிறது. எங்கே சுமந்தார்கள், எங்கே தரை தட்டியது, எங்கே காற்று பிடித்தது என்பதுதான் முதலில் வரும்.

ஏரிக்காடு

வடக்கு மினசோட்டாவின் தரை கனடியக் கேடயம் என்று அழைக்கப்படும் மிகப் பழைய பாறை. ஈலி என்ற சிறிய ஊரைச் சுற்றித் தெரியும் பச்சைப் பாறைகளுக்கு ஏறத்தாழ 270 கோடி வயது. கடைசிப் பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளங்கள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போயின. பாறையில் பிளவுபட்ட இடங்களையும் இளகிய இடங்களையும் குடைந்தன. பனி பின்வாங்கியதும் அந்தக் குழிகளில் தண்ணீர் நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே, ஆனால் தொடாமல், கிடப்பதற்கு இதுவே காரணம். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவில் ஒரு பாறை மேடோ, சதுப்போ, படகு போக முடியாத ஒரு சிற்றருவியோ இருக்கும். அந்த இடைவெளியைப் படகைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் கடக்க வேண்டும். அப்படிக் கடக்கும் வழிக்குப் போர்ட்டேஜ் என்று பெயர்.

போர்ட்டேஜின் நீளத்தை இன்றும் மைலிலோ மீட்டரிலோ சொல்வதில்லை. வரைபடங்களில் அது 'ராட்' என்ற பழைய நில அளவையில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு ராட் பதினாறரை அடி. 320 ராட் ஒரு மைல். ஒரு கனூவின் நீளமும் ஏறத்தாழ ஒரு ராட்தான் என்பதால் அளவு கைக்கு வசதியாக அமைந்துவிட்டது. பத்து ராட் என்றால் மூட்டைகளை இறக்கிவைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். 180 ராட் என்று போட்டிருந்தால் அன்றைய திட்டத்தையே மறுபடி யோசிப்பார்கள். மூட்டைகளை ஒரு நடையிலும் படகை மறு நடையிலும் கொண்டுபோகிறவர், திரும்பி வரும் நடையையும் சேர்த்து, அதே வழியை மூன்று முறை நடக்கிறார். அதனால் சாமான் கட்டும்போதே கணக்கு தொடங்கிவிடுகிறது. வீட்டில் ஒரு கிலோவாக இருக்கும் பொருள் காட்டில் எத்தனை முறை தோளில் ஏறும் என்று எண்ணிப் பார்த்தபின் பல சாமான்கள் காரிலேயே தங்கிவிடும்.

மரப்பட்டையிலிருந்து கெவ்லார் வரை

இந்த நிலத்துக்கு ஏற்ற படகை முதலில் கண்டவர்கள் இங்கேயே வாழும் ஒஜிப்வே மக்களும் அவர்களுடைய அண்டை இனத்தாரும். பர்ச் மரத்தின் பட்டையைப் பெரிய தகடுகளாக உரித்து, அதன் உட்பக்கம் வெளியே வரும்படி வளைப்பார்கள். விலாச் சட்டங்களும் உட்பலகையும் வெள்ளைத் தேவதாரு மரத்தில் அமையும். தையலுக்கு ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர். தையல் வழிகளில் அதே மரத்தின் பிசினைக் கொழுப்போடும் கரியோடும் காய்ச்சிப் பூசி அடைப்பார்கள். பாறையில் கிழிந்தாலும் ஒட்டுப்போடத் தேவையான எல்லாம் கரையிலேயே நின்றன.

பிரெஞ்சு, ஆங்கில மென்மயிர்த் தோல் வணிகர்கள் இந்தப் படகையே பெரிதாக்கினார்கள். மான்ட்ரியலிலிருந்து பெரிய ஏரிகள் வழியாக வந்த கனூக்கள் 36 அடி நீளம். அவற்றைச் செலுத்திய கூலியாட்கள் வோயஜர்கள் எனப்பட்டனர். சுப்பீரியர் ஏரியின் வடமேற்குக் கரையில் பிஜன் ஆறு அருவிகளாக விழுவதால் படகு ஏற முடியாது. அதைச் சுற்றிக்கொண்டு போகும் எட்டரை மைல் வழி, அதாவது பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேல், கிராண்ட் போர்ட்டேஜ் என்று பெயர் பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்த் வெஸ்ட் கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் உள்நாட்டுத் தலைமையிடம் அங்கேதான் இருந்தது. ஒரு பொதி 90 பவுண்டு, ஏறத்தாழ 41 கிலோ. ஒரு ஆள் ஒரே நடையில் இரண்டு பொதி தூக்குவது வழக்கம். பொதியைக் கட்டிய தோல்வாரின் அகன்ற நடுப்பகுதியை நெற்றியில் மாட்டி, முன்னால் சாய்ந்து, பாதி ஓட்டமாகப் போவார்கள். மேடு ஏறி உள்நாட்டுக்குப் போனால் வடக்கு ஏரிக்கும் தெற்கு ஏரிக்கும் நடுவில் ஒரு சிறு போர்ட்டேஜ் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துத் தண்ணீர் சுப்பீரியர் ஏரிக்கும் மறுபக்கத்துத் தண்ணீர் ஹட்சன் விரிகுடாவுக்கும் போகிறது. முதன்முறை அதைத் தாண்டும் வோயஜருக்குத் தலையில் தண்ணீர் தெளித்துச் சத்தியம் வாங்கும் சடங்கு ஒன்று இருந்தது. 1842இல் பிரிட்டனும் அமெரிக்காவும் எல்லை உடன்படிக்கை செய்தபோது இப்பகுதியில் எல்லைக்கோடு இந்தப் பழைய கனூ வழியை ஒட்டியே போனது. மென்மயிர்த் தோல் வணிகர்கள் நடந்த மண்பாதைகள் சில, அந்த வகையில், இரு நாட்டு வரைபடங்களில் நிலைத்துவிட்டன.

மரப்பட்டைக்குப் பின் மரச்சட்டத்தில் கித்தான் போர்த்திய கனூக்கள் வந்தன. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் விமானம் செய்துவந்த க்ரம்மன் நிறுவனம் அலுமினியத்தில் கனூ அடிக்கத் தொடங்கியது. 17 அடிப் படகு சுமார் 34 கிலோ. அது எதற்கும் உடையாது. ஆனால் கரையில் உரசும் சத்தம் ஏரியின் மறுகோடிக்குக் கேட்கும். பழைய போர்ட்டேஜ்களின் இறங்குதுறைப் பாறைகளில் அதன் வெள்ளிக் கீறல்களை இன்றும் காணலாம். இப்போது வாடகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கெவ்லார் என்ற செயற்கை இழைப் படகு. அதே நீளத்துக்கு எடை இருபது கிலோவுக்குள் அடங்கும். ஆனால் பாறை பட்டால் கீறும். அதனால் கரை வரும் முன்பே முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகை மிதக்கவிட்டபடியே சாமான் ஏற்றி இறக்க வேண்டும் என்பது கடைக்காரர் சொல்லும் முதல் பாடம். கெவ்லார் வந்தபின் நாள் முழுவதும் நனைந்த காலோடு இருப்பது வழக்கமாகிவிட்டது.

மூட்டைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1882இல் டுலூத் நகரத்தில் கமில் புவாரியே காப்புரிமை பெற்ற கித்தான் பை, டுலூத் பேக் என்ற பெயரில் இன்றும் விற்கிறது. உயரம் குறைவு, அகலம் அதிகம். கனூவின் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில் அது தாழ்ந்து உட்காரும். எடை கீழே இருப்பதால் படகு ஆடாது. மலையேறுபவர்களின் உயரமான பையைக் கொண்டுவருபவர் முதல் நாளே இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்கிறார்.

சட்டம் வகுத்த எல்லைகள்

இந்த ஏரிக்காட்டின் அமெரிக்கப் பகுதிக்கு பவுண்டரி வாட்டர்ஸ் கனூ ஏரியா வில்டர்னஸ் என்று பெயர். பரப்பு பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல். படகு வழிகள் 1,900 கிலோமீட்டருக்கு அதிகம்; குறிக்கப்பட்ட முகாம் இடங்கள் சுமார் 2,000. எல்லைக்கு அப்பால் கனடாவின் குவெட்டிக்கோ பூங்கா தொடர்கிறது.

இது காடாகவே நின்றது தானாக நடந்ததல்ல. 1940களில் மிதவை விமானங்கள் உள் ஏரிகளிலேயே மீன்பிடிக்காரர்களை இறக்கிக்கொண்டிருந்தன. 1949இல் அதிபர் ட்ரூமன், கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கக் கூடாது என்று ஆணையிட்டார். 1964இன் வனநிலச் சட்டத்தில் இப்பகுதி சேர்ந்தது. 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட தனிச்சட்டம் மோட்டார்ப் படகுகளைத் தண்ணீர்ப் பரப்பின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குள் கட்டுப்படுத்தியது. ஈலி ஊர் அந்தச் சட்டத்தால் இரண்டாகப் பிரிந்தது. மோட்டாரை நம்பிப் பிழைத்த விடுதிக்காரர்களும் வழிகாட்டிகளும் அதைத் தங்கள் வயிற்றில் விழுந்த அடியாகப் பார்த்தார்கள். சட்டத்தை ஆதரித்த எழுத்தாளர் சிகர்ட் ஓல்சனின் உருவபொம்மை அவர் வாழ்ந்துவந்த ஈலியிலேயே தூக்கிலிடப்பட்டது.

இன்றைய விதிகள் எளிமையானவை. இரவு தங்குவதற்கு எப்போதும் அனுமதிச்சீட்டு வேண்டும். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நுழைவிடத்திலும் ஒரு நாளைக்கு இத்தனை குழு என்று வரம்பு உண்டு. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கும் நான்கு படகுகளுக்கும் மேல் கூடாது. தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் கொண்டுபோகக் கூடாது. முகாம் இடத்தில் ஓர் இரும்பு அடுப்புச் சட்டம், காட்டுக்குள் சற்றுத் தள்ளி மூடியுள்ள ஒரு கழிப்புத் தொட்டி. இவை இரண்டைத் தவிர வேறெந்த வசதியும் செய்துதரப்படுவதில்லை. கரடி எடுக்காதபடி உணவுப்பையைக் கட்டித் தொங்கவிடவோ, கெட்டியான பெட்டியில் பூட்டிவைக்கவோ வேண்டும்.

நைஃப் ஏரிக்குப் போகும் வழி

ஈலிக்குக் கிழக்கே மூஸ் ஏரியிலிருந்து புறப்படும் வழி பலருக்கு முதல் பயணம். மூஸ், நியூஃபவுண்ட், சக்கர் என்ற மூன்று ஏரிகளும் நீளவாக்கில் வரிசையாகக் கிடக்கின்றன. இவற்றில் சிறிய மோட்டார்ப் படகுகளுக்கு அனுமதி உண்டு. விடியுமுன் கிளம்பினால் அந்த இரைச்சல் தொடங்குவதற்குள் தாண்டிவிடலாம். அணியத்தில், அதாவது முன்முனையில், உட்காருபவர் வேகம் கொடுக்கிறார். அமரத்தில், அதாவது பின்முனையில், இருப்பவர் திசை பிடிக்கிறார். ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் படகு மறுபக்கம் திரும்பும். அதைத் திருத்த, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் அமரத்திலிருப்பவர் துடுப்பின் தட்டையை வெளிப்பக்கம் திருப்பி லேசாகத் தள்ளுவார். கட்டைவிரல் கீழ்நோக்கித் திரும்பியிருந்தால் சரியாகச் செய்கிறார் என்று பொருள். இது கை வசப்படும்வரை படகு ஏரியின் குறுக்கே பாம்பு போல நெளிந்துதான் போகும். முதல் நாள் மாலைக்குள் தம்பதிகளிடையே எழும் பெரும்பாலான சச்சரவுகள் இந்த நெளிவைப் பற்றியவை.

பர்ச் ஏரியைத் தாண்டியதும் நைஃப் ஆற்றை ஒட்டிய குட்டிப் போர்ட்டேஜ்கள் அடுத்தடுத்து வருகின்றன. அங்கேதான் தூக்கும் வித்தையைக் கற்கிறார்கள். படகின் நடுவில் தோள்பட்டைக்கென ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். அதன் அருகே நின்று, கைக்கெட்டும் விளிம்பைப் பிடித்துப் படகைத் தொடைமேல் சாய்க்க வேண்டும். ஒரு கை எதிர் விளிம்பை எட்டிப் பிடிக்கும். ஒருமுறை, இருமுறை ஆட்டிவிட்டு, முழங்காலால் ஒரு தள்ளு. படகு தலைக்கு மேல் புரண்டு, சட்டத்தின் இரு மெத்தைகளும் தோளில் வந்து உட்காரும். பலத்தைவிட லயம்தான் இதில் முக்கியம். பயந்து மெதுவாகத் தூக்குபவருக்குத்தான் முதுகு பிடிக்கும். தூக்கியபின் உலகம் சுருங்கிவிடுகிறது. அணியத்தைச் சற்று உயர்த்திப் பிடித்தால் பத்தடிப் பாதை தெரியும்; வேர்கள், சேறு, வழுக்குப் பாறை, முன்னால் போனவரின் காலணி. கவிழ்த்த படகுக்குள் கொசு புகுந்து கூடும். இரண்டு கையும் விளிம்பில் இருப்பதால் அடிக்க வழியில்லை. எதிரே வெறுங்கையோடோ பையோடோ வருபவர் ஒதுங்கி நிற்பது வழக்கம். படகு சுமப்பவருக்கே வழி. ஒதுங்கி நிற்பவர், அடுத்த ஏரியில் எந்த முகாம் காலி, எந்தப் பாறையருகே மீன் கடிக்கிறது என்பதைப் படகின் அடியில் தெரியும் கால்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

நைஃப் ஏரி பெரியது, பாதி கனடாவில் இருக்கிறது. தண்டர் பாயின்ட் என்ற செங்குத்துப் பாறைமேல் ஏறினால் எல்லையின் இரு பக்கமும் ஒரே காடாகத் தெரியும். ஏரி பெரிதாக ஆக ஆகக் காற்றுதான் எஜமான். காலையில் கண்ணாடியாகக் கிடக்கும் தண்ணீர் பதினொரு மணிக்கு மேல் வெள்ளை நுரை கட்டத் தொடங்கும். அப்போது கரையோரமாக, காற்று மறைக்கும் பக்கமாக ஒதுங்கிப் போக வேண்டும். நடு ஏரியைக் குறுக்கே வெட்டக் கூடாது. காற்று அடங்கும்வரை ஒரு பாறையில் பாதிப் பகல் உட்கார்ந்திருந்த கதை இல்லாத பயணி குறைவு. ஐந்து மணிக்கு எழுந்து, மூன்று மணிக்குள் முகாமடிக்கும் பழக்கம் இதனால்தான் வந்தது.

இரவில் லூன் பறவையின் குரல் கேட்கும். மினசோட்டாவின் மாநிலப் பறவை அது. அதற்கு நான்கு வகைக் குரல் உண்டு. நீளமாக இழுப்பது துணையைத் தேடுவது. நடுக்கமாகச் சிரிப்பது போன்றது அபாயம். குட்டையாகக் கூவுவது பக்கத்திலிருக்கும் குடும்பத்துக்கு. மேலும் கீழும் ஏறியிறங்குவதை ஆண் பறவை மட்டுமே, தன் எல்லையைக் காக்கும்போது எழுப்பும். படகு குஞ்சுகளின் அருகே போனால் கேட்பது நடுக்கக் குரல். அதைக் காது பழகியவர்கள் உடனே துடுப்பைத் திருப்பிவிடுகிறார்கள்.

காட்டின் கோபமும் இந்த நினைவுகளில் உண்டு. 1999 ஜூலை 4 அன்று நேர்க்கோட்டுப் புயல் ஒன்று சில மணி நேரத்தில் கோடிக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. விடுமுறை நாளாகையால் முகாம்கள் நிரம்பியிருந்தன; பலர் காயமடைந்தனர்; போர்ட்டேஜ்கள் மரங்களுக்கடியில் காணாமல் போயின. 2007இல் ஹாம் ஏரித் தீயும் 2011இல் பகாமி கிரீக் தீயும் பெரும்பரப்பை எரித்தன. எரிந்த இடங்களில் ஜாக் பைன் மரம் திரும்ப முளைக்கிறது. அதன் காய் தீயின் சூட்டில்தான் நன்றாகத் திறந்து விதையை உதிர்க்கும்.

தங்கிவிட்டவரும் கடந்து போனவர்களும்

நைஃப் ஏரியில் ஐல் ஆஃப் பைன்ஸ் தீவில் டாரதி மோல்ட்டர் என்ற பெண்மணி 1986இல் இறக்கும்வரை வாழ்ந்தார். சிகாகோவில் செவிலியர் படிப்பு முடித்தவர். 1930இல் முதன்முதலாக இங்கே வந்தார். விமானத் தடை வந்தபின் சோடா வரத்து நின்றது. கையிருந்த காலிப் புட்டிகளில் ஏரித் தண்ணீரும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து ரூட் பியர் என்ற மது அல்லாத பானத்தை அவரே தயாரித்தார். குளிர்காலத்தில் ஏரியிலிருந்து அறுத்துச் சேமித்த பனிக்கட்டியில் அது கோடை முழுதும் சில்லென்று இருக்கும். வருடத்துக்கு ஆயிரக்கணக்கான புட்டிகள் போயின. போர்ட்டேஜ்களைத் தாண்டி வியர்த்து வந்த படகோட்டிகள் இளைப்பாறும் இடமாக அந்தத் தீவு ஆனது. மீன் முள் தைத்த விரலுக்கும் சுளுக்கிய காலுக்கும் மருத்துவம் அங்கேயே கிடைத்தது. வனநிலச் சட்டப்படி அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. பொதுமக்கள் எழுப்பிய குரலால் ஆயுள் உள்ளவரை இருக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. அவர் மறைந்தபின் அவருடைய மரவீடுகளைப் பிரித்து, உறைந்த ஏரிகளின் மீது இழுத்துவந்து ஈலியில் மறுபடி நிறுத்தினார்கள். இப்போது அது ஒரு காட்சியகம்.

மத்திய மேற்கின் தண்ணீரைக் கடந்து போனவர்களில் பெயர் பெற்ற இருவர் எரிக் செவரெய்டும் வால்ட்டர் போர்ட்டும். 1930இல் மினியாபொலிஸில் உயர்நிலைப் பள்ளியை முடித்த கையோடு, பழைய கித்தான் கனூ ஒன்றை வாங்கி, மினசோட்டா ஆற்றை எதிர்த்து ஏறி, ரெட் ஆறு வழியாக வின்னிபெக் ஏரிக்கும், அங்கிருந்து ஹட்சன் விரிகுடாக் கரையில் யார்க் ஃபேக்டரிக்கும் போனார்கள். மொத்தம் 2,250 மைல். ஒரு நாளிதழ் கட்டுரைகளுக்காக நூறு டாலர் தந்தது. செவரெய்ட் பின்னால் போர்ச் செய்தியாளராகவும் சிபிஎஸ் தொலைக்காட்சியின் விமர்சகராகவும் நாடறிந்தவரானார். அந்தப் பயணத்தைப் பற்றி 1935இல் வெளிவந்த அவரது நூல், மத்திய மேற்கில் வீட்டு வாசலிலிருந்தே தண்ணீரில் இறங்கிக் கடல்வரை போகலாம் என்பதை மூன்று தலைமுறை இளைஞர்களுக்குக் காட்டியது.

ஆறுகள்

ஆற்றில் சுமக்கும் வேலை இல்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீரைப் படிக்கும் வேலை இருக்கிறது. விஸ்கான்சின் ஆறு ப்ரெய்ரி டு சாக் அணைக்குக் கீழே மிசிசிப்பியில் கலக்கும்வரை 92 மைல், வேறு அணையே இல்லாமல் ஓடுகிறது. 1673இல் பாதிரியார் மார்க்கெட்டும் ஜோலியேயும் ஐந்து துணையாட்களோடு இரண்டு பட்டைக் கனூக்களில் இந்த வழியாக இறங்கித்தான் ஜூன் 17 அன்று மிசிசிப்பியை அடைந்தார்கள். அகலமான ஆறு, மணல் படுகை, மேடு தட்டிப் படகு நிற்கிறது என்று மார்க்கெட் எழுதிவைத்தது இன்றும் பொருந்துகிறது.

மணல் திட்டுகளே இங்கே முகாம் இடங்கள். அனுமதிச்சீட்டு தேவையில்லை. திட்டு ஒவ்வொரு வெள்ளத்திலும் இடம் மாறுவதால் சென்ற வருடம் தங்கிய இடம் இந்த வருடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் இரவோடு இரவாக மட்டம் ஏறும். அதனால் கூடாரத்தை உயரத்தில் போட்டு, படகை மேலே இழுத்துக் கட்டிவைப்பது பழக்கம். ஆழம் குறைந்த பக்கத்தில் தண்ணீர் சின்னச் சின்னதாகச் சுருங்கி மினுக்கும். ஓடும் கால்வாயில் மேற்பரப்பு கறுத்து வழவழப்பாக இருக்கும். கறுப்பைப் பிடித்துப் போகிறவர் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது.

இந்த ஆற்றின் ஆபத்தும் மணலில்தான் இருக்கிறது. திட்டின் மேல்பக்கத்தில் கணுக்காலளவுத் தண்ணீர் வெகுதூரம் நீளும். கீழ்நோக்கிய விளிம்பில் மணல் சட்டென்று அறுந்து, ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் தலைக்கு மேல் ஆழமாகிவிடும். விளிம்பில் மணல் நிற்காமல் சரிந்துகொண்டே இருப்பதால் திரும்பி ஏறவும் முடியாது. நீச்சல் தெரியாமல் விளையாடியவர்கள் இங்கே இறந்திருக்கிறார்கள். பழகியவர்கள் குழந்தைகளுக்கு மிதவைச் சட்டையைக் கரையிலும் கழற்றுவதில்லை.

இதே ஆற்றில் வந்து சேரும் கிக்காப்பூ வேறு சுபாவம். பனிப்பாளம் தொடாமல் விட்ட குன்றுகளின் நடுவே, மணற்பாறைச் சுவர்களை உரசிக்கொண்டு, வளைந்து வளைந்து ஓடும் சிற்றாறு. ஒரே பாலத்தின் அடியில் மறுபடி மறுபடி வருவது போன்ற பிரமை ஏற்படும். லா ஃபார்ஜ் ஊருக்கு மேலே அணை கட்டுவதற்காக 1960களில் பண்ணைகளைக் கையகப்படுத்தினார்கள்; வேலை பாதியில் 1975இல் நின்றது. கட்டி முடிக்காத கான்கிரீட் கோபுரம் இன்னும் நிற்கிறது. நிலத்தை இழந்த குடும்பங்கள் திரும்பி வரவில்லை. ஆறு மட்டும் தப்பியது. அந்த நிலம் இன்று ஹோ-சங்க் பழங்குடி அரசும் பங்குகொள்ளும் காப்பகம்.

அணைகளுக்கு எதிராக வளர்ந்த மனநிலைதான் 1968இன் தேசிய ஆறுகள் பாதுகாப்புச் சட்டத்துக்கும் வழிவிட்டது. முதல் பட்டியலில் இடம்பெற்ற எட்டு ஆறுகளில் மூன்று மத்திய மேற்கைச் சேர்ந்தவை: நமகாகன் கிளையோடு சேர்ந்த செயின்ட் க்ரோய், வுல்ஃப், மிசூரியின் இலெவன் பாயின்ட். செயின்ட் க்ரோய்க்காக வாதாடிய செனட்டர் கேலர்டு நெல்சன் அதன் பக்கத்து ஊரில் வளர்ந்தவர். மிசூரியில் கரன்ட், ஜாக்ஸ் ஃபோர்க் ஆறுகள் அதற்கும் முன்பே, 1964இல், தனிச்சட்டத்தால் காக்கப்பட்டன. இந்த ஆறுகளுக்குச் சுண்ணாம்புப் பாறைக் குகைகளிலிருந்து வரும் ஊற்றுகள் ஆதாரம். பிக் ஸ்பிரிங் என்ற ஊற்று நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஊற்று நீர் வருடம் முழுவதும் 14 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கும். ஆகஸ்ட் வெயிலில் காலை ஆற்றின்மேல் பனிமூட்டம் நிற்பதும், ஊற்று கலக்கும் இடத்தில் தண்ணீர் திடீரென நீலமாகி, படகின் அடித்தட்டு வழியாகவே காலில் சில்லிடுவதும் இதனால்தான். கோடை வார இறுதிகளில் இங்கே வாடகைப் படகுகளின் நெரிசல் மிகுதி; அமைதி வேண்டுபவர்கள் செவ்வாய், புதன் பார்த்துப் போகிறார்கள்.

பெரிய ஏரி

சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர். அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். இங்கே திறந்த கனூவுக்கு வேலை இல்லை. 16 அடிக்கு மேற்பட்ட கடல் கயாக், அணியத்திலும் அமரத்திலும் நீர்புகா அறைகள், இடுப்பைச் சுற்றி மூடும் துணிப்பாவாடை. இவை இருந்தால்தான் வழிகாட்டிகள் கூட்டிப்போவார்கள். விஸ்கான்சின் கரையில் 1970இல் தேசியக் கரையோரப் பூங்காவான அப்போஸ்தல் தீவுகள் இந்தப் பயணங்களின் மையம். மணற்பாறைக் குன்றுகளின் அடியை அலை குடைந்து குகைகளாக்கியிருக்கிறது. அமைதியான நாளில் கயாக் வளைவுகளுக்குள் நுழைந்து தூண்களைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். சிவப்புப் பாறையில் தண்ணீரின் ஒளி நெளிவதை அண்ணாந்து பார்க்கலாம். சிறிது அலை எழுந்தாலும் அதே குகைக்குள் தண்ணீர் முழங்கும். சுவரில் மோதித் திரும்பும் அலையும் வரும் அலையும் சேர்ந்து படகை எந்தப் பக்கமும் சாய்க்கும். செங்குத்துக் குன்று நீளும் இடங்களில் கரையேற வழி கிடையாது.

பயப்பட வேண்டியது அலைக்கு மட்டுமல்ல, குளிருக்கும். ஜூன் மாதத்தில் காற்று 25 டிகிரி இருக்கும்போது தண்ணீர் ஐந்தாறு டிகிரியாக இருக்கலாம். பயிற்றுநர்கள் ஒன்று, பத்து, ஒன்று என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் சொன்னதைக் கேட்கும், அதற்குள் படகில் ஏற வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். எனவே உடை வெயிலுக்காக அல்ல, தண்ணீருக்காக. ஜூலையிலும் ரப்பர் உடைக்குள் வியர்த்தபடி துடுப்புப் போடுவது விளையாட்டாகத் தோன்றலாம். பயிற்சியின்போது ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து எழுந்தவருக்கு அப்படித் தோன்றாது.

பருவம்

இந்த மூன்று தண்ணீருக்கும் காலம் வேறு. மிசூரியின் ஊற்று ஆறுகள் உறைவதில்லை. வசந்தத்தில் பூ விரியும்போதும் இலையுதிர்ந்த குளிர்காலத்திலும்கூட ஆள் போவதுண்டு. விஸ்கான்சின் ஆற்றுக்கு மழை வடிந்து திட்டுகள் தலைகாட்டும் ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்லது. ஏரிக்காட்டில் பனி உடைவது ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். அதன் பிறகு சில வாரம் மீன் நன்றாகக் கடிக்கும். மே இறுதியிலிருந்து கறுப்பு ஈயும் கொசுவும் ஆட்களைக் கடிக்கும். சுப்பீரியரின் மேல்தண்ணீர் ஓரளவு சூடாவது ஆகஸ்டில்தான். செப்டம்பரில் காற்று வலுக்கத் தொடங்கிவிடும்.

ஆகஸ்ட் முடிவில் ஆழமற்ற ஏரிகளில் மனோமின் என்று ஒஜிப்வே மக்கள் அழைக்கும் காட்டரிசி முற்றுகிறது. ஒருவர் கனூவில் நின்று நீண்ட கழியால் தள்ள, மற்றவர் உட்கார்ந்தபடி ஒரு குச்சியால் கதிர்களை மடியில் சாய்த்து மறு குச்சியால் தட்டுவார். முற்றிய மணி படகில் விழும். மீதி தண்ணீரில் விழுந்து அடுத்த ஆண்டுப் பயிராகும். 1854 உடன்படிக்கையில் வடகிழக்கு மினசோட்டா நிலத்தை விட்டுக்கொடுத்த ஒஜிப்வே மக்கள் அங்கே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் சேகரிக்கவும் உள்ள உரிமையை வைத்துக்கொண்டார்கள். இந்த அறுவடையில் மோட்டாருக்கு இடமில்லை. மாநில விதி படகின் நீளத்தை 18 அடிக்கும் தட்டும் குச்சியை 30 அங்குலத்துக்கும் மேல் போகாமல் நிறுத்தியிருக்கிறது. உல்லாசப் பயணிகளின் பருவம் முடியும் நேரத்தில், கனூ எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை மறுபடி செய்கிறது.